புள்ளி வைத்த பீஸ்

ஜூன் 3, திங்கள்

இந்த டைரி மருந்துக்கடையில் சும்மா கொடுத்தது, போன வருடத்தது. கிழமையை அடித்துத் திருத்தி எழுதுகிறேன். நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் என்னிடம் தேதியோடு ஆதாரம் இருக்க வேண்டும், அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலிலிருந்தே எழுதிவிடுகிறேன். இந்தக் கம்பெனியில் பேக்கிங்கில் ஆறு வருடம் அட்டைப்பெட்டி ஒட்டினேன். போன ஆகஸ்டில் அப்ரெண்டிஸ் எடுத்தார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டே வேலை பழகலாம், புதன்கிழமை மட்டும் பயிற்சி மையத்தில் வகுப்பு, வருடம் முடிந்தால் பரீட்சை, அரசாங்கச் சான்றிதழ். முப்பத்தொரு வயதுக்காரியை யார் கூப்பிட்டுப் படிக்கவைப்பார்கள், உடனே பெயர் கொடுத்தேன். வருகிற ஆகஸ்ட் பத்தாம் தேதியோடு முடிகிறது. சோதனைப் பிரிவில் நிரந்தர இடம் ஒன்றே ஒன்று காலி. பழகுகிறவர்கள் இரண்டு பேர்: நான், பாரதி.

வேலை இதுதான். பஸ்ஸின் ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்பும் இரும்புக் கை ஒன்று உண்டு, ஆர்ம் என்போம். அதில் சாதாரணக் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கறுப்புத் திரை போட்ட இருட்டு ரூமில் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து கண்ணைப் பழக்கிக்கொண்டு, பீஸை மெஷினில் மாட்டி, இரும்புத்தூள் கலந்த எண்ணெயை ஊற்றி, காந்தம் ஏற்றி, ஊதா விளக்கைப் பிடித்தால் விரிசல் இருக்கிற இடத்தில் பச்சைக்கோடு எழும்பும். கோடு இருந்தால் சிவப்புத் தட்டு, இல்லையென்றால் பச்சைத் தட்டு. நாலாம் நம்பர் கிரைண்டிங் மெஷினிலிருந்து வருவது எனக்கு, இரண்டாம் நம்பரிலிருந்து வருவது பாரதிக்கு. இருவரின் ரூமுக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான்.

இன்று சாயந்திரம் மயில்சாமி சார், எங்கள் பிரிவுக்குப் பொறுப்பு அவர்தான், என் பச்சைத் தட்டிலிருந்து ஒரு பீஸை எடுத்து விளக்கில் காட்டினார். அரை விரல் நீளத்துக்குக் கோடு.

"இது எப்படி இங்க வந்துச்சுங்க அம்மணி?"

"எனக்குத் தெரியாதுங்க சார். நான் இதைப் பாக்கவே இல்லீங்க."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுச் சிவப்பு அட்டை போட்ட தன் சின்ன நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டு போனார். நான் பார்த்திருந்தால் விட்டிருக்க மாட்டேன். அப்படியென்றால் யாரோ பிறகு வைத்திருக்கிறார்கள்.

ஜூன் 5, புதன்

வகுப்பு. பாரதி முதல் பெஞ்சு. டிப்ளமோ படித்த பெண், இருபத்திரண்டு வயது, பொள்ளாச்சிப் பக்கம். வாத்தியாரிடம் ஆறு முறை சந்தேகம் கேட்டாள், எண்ணினேன். இரண்டு முறை டெஸ்க்குக்கு அடியில் போனைப் பார்த்தாள். வாத்தியார் சோதனை செய்கிறவர்களையே சோதிப்பது எப்படி என்று ஏதோ பலகையில் எழுதிக்கொண்டிருந்தார். யாருக்கு மெசேஜ் அனுப்புகிறாள் என்று பார்ப்பதற்குள் பலகையை அழித்துவிட்டார்கள்.

ஜூன் 6, வியாழன்

மாடித் தொட்டியில் தண்ணீர் மறுபடி பாதிதான். நேற்று நிரம்பி வழிந்ததை நானே பார்த்தேன். கீழ்வீட்டு சரஸ்வதி வீட்டில் சனிக்கிழமைகூடத் துணி காய்கிறது.

ஜூன் 11, செவ்வாய்

இன்னொன்று. என் பச்சைத் தட்டில், விரிசலோடு. மயில்சாமி சார் இந்த முறை கேள்விகூடக் கேட்கவில்லை, எழுதிக்கொண்டு போனார். பாரதியின் தட்டில் ஒன்றும் இல்லையாம்.

எனக்கு இது புதிதில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தபோது சாந்தாமணி என்று ஒருத்தி, என்னோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவள். அவள் பார்க்க வேண்டிய ஓட்டைத் துணிக் கட்டுகளை என் கட்டுகளுக்கு நடுவே செருகிவிட்டாள். சரக்கு திரும்பி வந்தது. பெரிய ரகளை. அந்த வேலை அப்படித்தான் போனது. அதற்குப் பிறகு நான் யாரோடும் டிபன் பாக்ஸைப் பகிர்வதில்லை.

இவரிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டே, "ஏம்புள்ள, நீ போலீசுக்குப் போயிருக்கோணும்" என்றார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவருக்கு எல்லாரும் குழந்தைகளாகத்தான் தெரிவார்கள்.

ஜூன் 14, வெள்ளி

பாரதி தட்டப்பயறுக் குழம்பு கொண்டுவந்து நீட்டினாள். "அம்மா வெச்சதுக்கா, கொஞ்சம் போட்டுக்குங்க." வயிறு சரியில்லை என்றேன். அவளாக வந்து தருவதற்கு ஏதாவது காரணம் இருக்கும்.

"இன்னிக்கு எத்தனை தள்ளுனீங்கக்கா?" என்றும் கேட்டாள். நான் எத்தனை தள்ளினால் இவளுக்கென்ன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் ரூமை விட்டு வெளியே இருப்பது காலை டீக்குப் பத்து நிமிடம், சாப்பாட்டுக்கு அரைமணி. டீக்கு நான் போகும்போது அவள் வருவதில்லை, "ஒரு பீஸ் பாதியில இருக்குதுக்கா" என்பாள். தினமும் பாதியில் ஒரு பீஸ் எப்படி இருக்கும்?

லாக்புக் என்று ஒன்று தந்திருக்கிறார்கள், தினமும் எழுதி மயில்சாமி சாரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். 'இன்று கற்றது' என்று ஒரு கட்டம். நான் பத்து மாதமாக ஒரே வரிதான் எழுதுகிறேன்: காந்தச் சோதனை பழகினேன். அவரும் கையெழுத்துப் போடுகிறார். உண்மை இந்த டைரியில் இருக்கிறது.

ஜூன் 20, வியாழன்

மகள் யாழினியின் வெள்ளைச் சாக்ஸிலிருந்து ஒரு நூல் என் நீல மேல்கோட்டில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. இருட்டு ரூமில் விளக்கைப் போட்டதும் அந்த நூல் பேய் மாதிரி எரிந்தது. துவைக்கிற சோப்புத்தூளில் என்னவோ போடுகிறார்கள், அது ஊதா விளக்கில் வெளிச்சம் விடும், அதனால்தான் வெள்ளைச் சட்டையோடு உள்ளே வரக் கூடாது என்று முதல் மாதமே சொல்லியிருந்தார்கள்.

ரேஷன் கடையில் நிற்கும்போது யோசனை வந்தது. நூல் எரிந்தால் விரலும் எரியும்.

ஜூன் 21, வெள்ளி

செய்துவிட்டேன்.

காகிதத்தில் மடித்துச் சோப்புத்தூள் கொண்டுபோனேன். டீக்குக் கிளம்பும்போது இரண்டு தட்டின் விளிம்பிலும் லேசாகத் தடவினேன்: நான் பார்த்து முடித்த பச்சைத் தட்டு, இனிமேல் பார்க்க வேண்டிய பீஸ்கள் காத்திருக்கும் தட்டு. டீ குடிக்கவில்லை, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்ததும் பாரதியைக் கூப்பிட்டேன். "இந்தக் கோடு விரிசலா, நூலான்னு பாரு." வந்தாள், கையை நீட்டினாள், விளக்கைப் பிடித்தேன். இரண்டு கையும் சுத்தம். உள்ளங்கை, நகம், மணிக்கட்டு, எதிலும் ஒன்றுமில்லை.

எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது, பொய் சொல்வானேன்.

கால்மணி கழித்து மயில்சாமி சார் விளக்கின் வெளிச்சத்தை அளக்க வந்தார். மீட்டரை விளக்குக்கு நேராகப் பிடித்தார். பெருவிரல், ஆள்காட்டி விரல் இரண்டின் நுனியும் வெள்ளை வெளேரென்று எரிந்தன. அவர் விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பேண்ட்டில் துடைத்துக்கொண்டு வெளியே போனார். மாட்டிக்கொண்டோம் என்று பயந்துவிட்டார்.

வயதான மனுஷன், திருநீறு பூசாமல் மெஷினைத் தொடமாட்டார். அவரா என்று மனசு ஆறவேயில்லை.

ஒரு விஷயம் எழுதிவைக்க வேண்டும். பச்சைத் தட்டில் தூள் கலையாமல் அப்படியே இருந்தது. காத்திருக்கும் தட்டில்தான் கைபட்டிருந்தது. பதற்றத்தில் அவர் தட்டை மாற்றிக்கொண்டிருப்பார்.

ஜூன் 24, திங்கள்

கண்டுபிடித்தேன். அவர் வைக்கிற பீஸ் ஒவ்வொன்றிலும் துளைக்கு உள்பக்கம் ஊசியால் குத்திய மாதிரி மூன்று புள்ளி இருக்கிறது. பதினோராம் தேதி அவர் என் தட்டில் எடுத்த பீஸ் மேஜையில் கிடந்தது, அதில் பார்த்தேன். இன்று காத்திருந்த தட்டைக் கொட்டித் துளைகளைத் தடவினேன். இரண்டு பீஸில் புள்ளி. விளக்கில் வைத்தால் இரண்டிலும் விரிசல்.

அடையாளம் வைத்துத்தான் என்னைக் கவிழ்க்கிறார். வைத்ததை நான் விட்டுவிட்டால் குறித்துக்கொள்கிறார். பாரதிக்கு இடத்தைக் கொடுக்க வேண்டும், அதற்குக் காகிதத்தில் காரணம் வேண்டும். அவளும் அவரும் ஒரே ஊர்ப் பக்கம் என்று ஸ்டோரில் சொன்னார்கள்.

இரண்டையும் சிவப்புத் தட்டில் போட்டேன். சாயந்திரம் அவர் நோட்டில் எழுதும்போது நேராக முகத்தைப் பார்த்தேன்.

ஜூலை 1, திங்கள்

ஒரு வாரமாக ஒன்றுகூடத் தவறவில்லை. வழி சுலபம். தட்டு வந்ததும் முதலில் துளையைத் தடவ வேண்டும். புள்ளி இருந்தால் சிவப்பு. மற்றதை விளக்கில் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். நாற்பது பீஸுக்கு முன்பு ஒன்றரை மணி நேரம் ஆகும், இப்போது ஐம்பது நிமிடம்.

பாரதி இன்னும் ஒவ்வொரு பீஸையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளைப் பார்த்தால் பாவமாகக்கூட இருக்கிறது.

ஜூலை 8, திங்கள்

இன்று புள்ளி வைத்தவை மூன்று. ஒன்றில் கோடு சரியாகத் தெரியவில்லை. தெரிந்த மாதிரிதான் இருந்தது. மூன்றையும் தள்ளினேன். அவர் அந்த ஒன்றை மட்டும் எடுத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுல எங்கீங்க அம்மணி கோடு?" என்றார்.

"துளைகிட்டங்க சார்."

தலையை ஆட்டினார். எழுதிக்கொண்டார். என்னைக் குழப்பப் பார்க்கிறார்.

ஜூலை 13, சனி

தொட்டி விவகாரம் முடிந்தது. மிதவை வால்வு தேய்ந்துபோய்த் தண்ணீர் பின்பக்கச் சுவரில் ஒழுகிக்கொண்டிருந்ததாம். இவர் ஏறிப் பார்த்துவிட்டு வந்து சிரிக்கிறார். சரஸ்வதியிடம் நான் நேரடியாக ஒன்றும் கேட்டதில்லை, ஜாடையாகத்தான் இரண்டு தடவை பேசியிருக்கிறேன். மாவரைக்கும்போது அவளுக்கும் ஒரு கிண்ணம் கொடுக்க வேண்டும்.

ஜூலை 18, வியாழன்

மயில்சாமி சாரும் பாரதியும் ஜன்னலோரம் பத்து நிமிடம் பேசினார்கள். நான் வந்ததும் நிறுத்திவிட்டார்கள். அவள் முகம் வாடியிருந்தது. நடிப்பாகவும் இருக்கலாம். இன்னும் இருபத்து மூன்று நாள். சான்றிதழ் கைக்கு வந்தால் பேக்கிங் பக்கமே திரும்பிப் பார்க்க வேண்டாம், யாழினியின் பள்ளிக்கூடப் படிவத்தில் அம்மாவின் தொழில் என்ற இடத்தில் 'சோதகர்' என்று எழுதலாம். போன முறை இவர் 'கூலி' என்று எழுதிவிட்டு வந்தார், இரண்டு நாள் பேசவில்லை நான்.

ஜூலை 25, வியாழன்

பதினோரு மணிக்கு ஒரு பீஸ். துளையைத் தடவினேன், புள்ளி இல்லை. விளக்கில் சுற்றினேன். துளைக்குப் பக்கத்தில் கோரைப்பாயில் கோடு மாதிரி மூன்று நான்கு பச்சைக்கோடு. மயில்சாமி சார் வைக்கிற பீஸில் ஒரே கோடுதான் இருக்கும்.

அப்படியானால் இது அவர் வைத்தது இல்லை. அவள் வைத்தது. அடையாளத்தை நான் கண்டுகொண்டேன் என்று தெரிந்து அடையாளமில்லாமல் வைக்கிறார்கள். ஜன்னலோரம் இதைத்தான் பேசியிருப்பார்கள்.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. சிவப்புத் தட்டில் போட்டுப் பதிவேட்டில் எழுதியிருக்கலாம். எழுதினால் அவளுக்கு என்ன ஆகும், ஒன்றும் ஆகாது. அவள் சாப்பிடப் போனதும் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் அவள் பச்சைத் தட்டில், நடுவில், இரண்டு பீஸுக்குக் கீழே வைத்தேன்.

அவள் வைத்ததை அவளுக்கே திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான். பீஸ் மேல் மெஷின் நம்பர் எதுவும் கிடையாது, தட்டில் செருகிய அட்டையில் மட்டும்தான்.

மூன்றரை மணிக்கு மயில்சாமி சார் அவள் தட்டில் அதை எடுத்தார்.

ஜூலை 26, வெள்ளி

இப்படி ஆகும் என்று நான் நினைக்கவில்லை.

காலையில் இரண்டாம் மெஷின் ஓடவில்லை. அதில் சிவப்பு அட்டை தொங்கியது. நேற்று பாரதி பாஸ் செய்த இருநூறு பீஸையும் இறக்கி வைத்திருந்தார்கள். மயில்சாமி சார் அந்தப் பீஸை எல்லாருக்கும் காட்டினார்.

"இது நான் வெக்கிற சோதனைப் பீஸ் இல்ல. இது மெஷின்ல வந்த விரிசல். கல்லு பீஸைத் தேய்க்கறப்ப தண்ணி சரியா விழலைன்னா சூட்டுல இப்படிக் கோடு கோடாப் பிளக்கும். ஒண்ணு இருந்தா இன்னும் இருக்கும்."

சோதனைப் பீஸ் என்று சாதாரணமாகச் சொன்னார், எல்லாருக்கும் தெரிந்த விஷயம் மாதிரி.

பாரதி அழுதுகொண்டே நின்றாள். "நான் பாக்காம விடலீங்க சார். இது என் பீஸே இல்லீங்க." சாப்பிடும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு வேறு யாரும் இல்லை.

"சோதனைப் பீஸ்னா என்ன?" என்று கேட்டேன், ஒன்றும் தெரியாத மாதிரி.

"கிளாஸ்ல சொன்னாங்களேக்கா. பாக்கறவங்க ஒழுங்காப் பாக்கறாங்களான்னு தெரிஞ்சுக்க, விரிசல் இருக்கற பீஸை நடுவுல கலந்து வெப்பாங்க. எனக்கும் வெப்பாரு. போன வாரம் ரெண்டை விட்டுட்டேன்னு ஜன்னல்கிட்டக் கூப்பிட்டுத் திட்டினாரு. அதுக்குத்தான் டீக்குக்கூட வராம உக்காந்து பாக்கறேன்."

சாயந்திரத்துக்குள் இருநூறையும் மறுபடி பார்த்துவிட்டார்கள். ஒன்றில்கூட விரிசல் இல்லை. மயில்சாமி சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "ஒரே ஒரு பீஸ் மட்டும் எப்படி" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டிருந்தார். பஸ் ஏறும்போது நாலாம் மெஷின் ஓட்டும் பையன் இன்னொருவனிடம் சொன்னது காதில் விழுந்தது: புதன்கிழமை தண்ணீர்க் குழாய் அடைத்திருந்ததாம், குச்சியால் குத்திவிட்டானாம்.

நாலாம் மெஷின் எனக்கு வருவது. புதன்கிழமை ஓட்டினதை வியாழக்கிழமை நான்தான் பார்த்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு. எல்லாம் பேக்கிங்கில் இருக்கிறது.

அந்த ஒன்றை நான் பார்த்தது கோடு பெரிதாக இருந்ததால். மற்றதை எல்லாம் துளையைத் தடவிவிட்டு ஒரு சுற்றுச் சுற்றினேன்.

சோறு வடித்து ரசம் வைத்தேன். யாழினிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். சாந்தாமணி ஞாபகமாகவே இருக்கிறது. அவளைப் பற்றி இதில் எழுதியது சரியில்லை. அவள் எதையும் செருகவில்லை. அன்று தம்பி நிச்சயதார்த்தத்துக்குச் சேலை எடுக்கப் போக வேண்டும் என்று நாற்பது கட்டைப் பிரிக்காமலே கையெழுத்துப் போட்டேன். சரக்கு திரும்பி வந்தபோது, நடுவில் என் இடத்தில் அவளும் உட்கார்ந்திருந்தாள் என்று மட்டும் சொன்னேன். அவளை மட்டும்தான் அனுப்பினார்கள். நான் இரண்டு மாதம் கழித்து நானாகவே நின்றேன்.

ஜூலை 27, சனி, காலை

லாரி பத்து மணிக்கு.

ஜூலை 27, சனி, சாயந்திரம்

எட்டரைக்கு உள்ளே போனேன். பத்து நிமிடம் இருட்டில் உட்கார்ந்தேன். கண் பழகிவிட்டது, மனசு பழகவில்லை. வெளியே வந்து மயில்சாமி சாரிடம், "நாலாம் மெஷின் சரக்கையும் ஒருக்காப் பாத்துரலாமுங்க சார்" என்றேன்.

"ஏனுங்க?"

"சும்மா, ஒரு சந்தேகம்."

"சந்தேகத்துக்கு லாரியை நிறுத்த முடியாதுங்க அம்மணி. காரணம் சொல்லுங்க, நிறுத்தறேன்."

என் வாழ்க்கை முழுக்க எனக்குச் சந்தேகம் ஒன்றே போதுமானதாக இருந்திருக்கிறது. அவர் காரணம் கேட்கிறார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள், அதில் பாதி நான் ஒட்டிப் பழகிய அதே அட்டை. என் சான்றிதழ் அந்த லாரியோடு போகிறதா, லாரி நின்றால் போகிறதா என்று ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றேன். பயமாக இருந்தது, மிகவும்.

"அந்தப் பீஸ் பாரதியோடது இல்லீங்க. என் தட்டுல வந்தது. அவ வெச்சான்னு நெனச்சு நான்தான் அவ தட்டுல வெச்சேன்."

அவர் கையிலிருந்த நோட்டை மேஜையில் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினார். ஐம்பத்தாறு வயது மனுஷன் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. கேட் சாத்தினார்கள்.

பெட்டிகளை இறக்கிப் பிரித்து, மயில்சாமி சார் ஒரு ரூமிலும் பாரதி ஒரு ரூமிலும் உட்கார்ந்தார்கள். என்னை உள்ளே விடவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பிரித்த அட்டைகளை மடித்து வைத்தேன், யாரும் சொல்லவில்லை, கை சும்மா இருக்க முடியவில்லை. சிவப்புத் தட்டில் பீஸ் விழும் சத்தம் அவ்வப்போது கேட்டது. எண்ணினேன். ஒன்பது.

ஒன்பது பஸ்.

கடைசியில் அவர் வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். நோட்டைத் திறந்து என் பெயர் எழுதிய பக்கத்தைக் காட்டினார். ஜூன் இருபத்தொன்று என்ற தேதிக்கு நேரே 'சோப்புத்தூள்' என்று எழுதியிருந்தது.

"என் விரல் எரியறது எனக்கும் தெரியுமுங்க. அப்புறம் ஒரே நாள்ல எல்லாத்தையும் சரியாத் தள்ளுனீங்க. புள்ளியைக் கண்டுக்கிட்டீங்கன்னு புரிஞ்சுது. அதனால நல்ல பீஸ்லயும் புள்ளி குத்தி வெச்சேன். பதினாலு வெச்சேன். பதினாலையும் தள்ளியிருக்கீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமில்லீங்க சார்."

"நீங்களா வந்து கேப்பீங்கன்னு இருந்தேன்" என்றார். நோட்டை மூடிவிட்டு, "அது என் தப்பு. ஒரு மாசம் உங்களை உள்ள உக்கார வெச்சிருக்கக் கூடாது" என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபம்தான், இப்போதும் இருக்கிறது. ஆனால் அந்தப் பதினாலில் கோட்டைப் பார்த்ததாகச் சொன்னது நான். அவர் என்னைச் சொல்ல வைக்கவில்லை.

ஜூலை 29, திங்கள்

மேனேஜர் ரூமில் முக்கால்மணி நேரம். அனுப்பிவிடத்தான் பார்த்தார்கள். மயில்சாமி சார் வேண்டாம் என்றாராம். பயிற்சி ஆறு மாதம் நீட்டிப்பு, அதே உதவித்தொகை. இந்த ஆகஸ்டில் பரீட்சைக்குப் பெயர் அனுப்பமாட்டார்கள். நிரந்தர இடம் பாரதிக்கு.

நன்றி சொல்லப் போனேன். "உங்களுக்காக நான் பேசலீங்க" என்றார். "வெளிய அனுப்பினா இன்னொரு கம்பெனியில போய் இதையேதான் பண்ணுவீங்க. இங்கயே இருந்து ஒழுங்காப் பாக்கப் பழகுங்க."

வீட்டில் சொன்னேன். இவர் போலீஸ் என்று கேலி பண்ணவில்லை. தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 1, வியாழன்

பாரதி என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டுக்கு வேறு மேஜை. அவளிடம் மன்னிப்புக் கேட்டேன், "சரிங்கக்கா" என்றாள், அவ்வளவுதான். குழம்பெல்லாம் இல்லை.

ஆகஸ்ட் 12, திங்கள்

பாரதிக்கு நிரந்தர ஆட்கள் போடும் பச்சை மேல்கோட்டு கொடுத்துவிட்டார்கள். மயில்சாமி சாரின் வேலையில் ஒன்று அவளிடம் வந்திருக்கிறது. என் லாக்புக்கில் தினமும் அவள்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

காலையில் முதல் தட்டிலேயே மூன்று புள்ளியோடு ஒரு பீஸ். விரல் தானாகவே போய்விடுகிறது, என்ன செய்வது. எண்ணெய் ஊற்றி, காந்தம் ஏற்றி, விளக்கில் மெதுவாகத் திருப்பினேன். முன்பக்கம், பின்பக்கம், துளையைச் சுற்றி, கழுத்துப் பகுதி. கோடு எங்கும் இல்லை. இல்லவே இல்லையா என்று மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். பச்சைத் தட்டில் வைத்தேன். நாற்பது பீஸுக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று.

சாயந்திரம் லாக்புக்கில் 'இன்று கற்றது' என்ற கட்டத்தில் வழக்கமான வரியை எழுதப் போய் நிறுத்தினேன். ஜூலை இருபத்தைந்தாம் தேதி செய்ததை எழுதினேன். யார் தட்டிலிருந்து யார் தட்டுக்கு, எத்தனை மணிக்கு, ஏன். கட்டம் போதவில்லை, ஓரத்தில் திருப்பி எழுதினேன். பாரதியிடம் கொடுத்தேன்.

அவள் நின்றபடியே படித்தாள். பேனாவை எடுக்காமல் என் பச்சைத் தட்டைத் தூக்கிக்கொண்டு இருட்டு ரூமுக்குள் போனாள். திரையை இழுத்துவிட்டாள். கண் பழகுவதற்கு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பாள், அதற்குப் பிறகுதான் எண்ணெய் ஊற்றும் சத்தம் வந்தது.

ஐந்தரை மணிக் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவள் வரவில்லை. எனக்குப் பஸ் போகட்டும் என்று வேண்டுமென்றே இழுக்கிறாளோ என்று தோன்றியது. தோன்றியதையும் எழுதிவைக்கிறேன். திரைக்கு அந்தப் பக்கம் பீஸ் ஒவ்வொன்றாகத் தட்டில் வைக்கும் சத்தம், அவசரமே இல்லாமல். சாந்தாமணியும் ஒரு நாள் இப்படி என் கட்டைப் பிரித்துப் பார்த்திருந்தால் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

ஆறேகாலுக்கு வெளியே வந்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

"நாப்பதும் சரியா இருக்குதுங்கக்கா" என்றாள்.

வாசல்வரை ஒன்றாகத்தான் நடந்தோம். அவளுக்கும் பஸ் போய்விட்டது.